எதனோல் கலந்த பெற்றோலும் பழைய என்ஜின்களும்

கமத்தொழிலிற் சிறிய பெற்றோல் என்ஜின்கள் ஆற்றும் பணி பெரிது. கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் நீர் இறைப்பவை, மருந்து தெளிப்பவை, புல் வெட்டுபவை, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள்கள், முச்சக்கர வண்டிகள் ஆகிய யாவும் இவ்வென்ஜின்களாலேயே இயங்குகின்றன. இவற்றுட் பல, பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கப்பட்டு இன்றும் உழைப்பவை. வெங்காயம் குமிழ் பருக்கும்போதோ, மிளகாய் பூத்துக் காய்க்கும்போதோ, நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போதோ நீரிறைக்கும் என்ஜின் இயங்க மறுப்பின், சில நாட்களுள் ஒரு போகத்தின் உழைப்பே வீணாகிவிடலாம்.

உலகின் பல நாடுகளில் இந்நாளிற் பெற்றோலுடன் எதனோல் என்னும் மதுசாரம் கலந்து விற்கப்படுகின்றது. இக்கலவை பழைய என்ஜின்களைப் பழுதாக்கும் என்போரும், யாதொரு தீங்கும் செய்யாது என்போரும் உளர். இரு கூற்றும் முழு உண்மையாகா. நூற்றுக்குப் 10 பங்கு வரை எதனோல் கலந்த பெற்றோல், நாள்தோறும் ஓடும் என்ஜினுக்குச் செய்யும் தீங்கு சிறிது. அதே பெற்றோல், பல வாரம் ஓடாது நிற்கும் என்ஜினுக்குச் செய்யும் தீங்கு பெரிது. கமக்காரரின் என்ஜின்களோ போகத்துக்குப் போகம் மாதக்கணக்கில் ஓய்ந்து நிற்பவை. ஆதலின் இவ்விடயத்தை அவர்கள் மற்றையோரினும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

எதனோல் என்பது யாது?

கரும்புச் சாறு, சீனி ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகு, சோளம், அரிசி முதலியவற்றைப் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் மதுசாரமே எதனோல் ஆகும். பெற்றோலுடன் கலப்பதற்காக அதிலுள்ள நீர் ஏறக்குறைய முற்றாக நீக்கப்படும்.

இதனை எரிபொருளாகப் பயன்படுத்தல் புதிய வழக்கமன்று. பிரேசில் நாட்டில் 1931ஆம் ஆண்டிலேயே பெற்றோலுடன் மதுசாரம் கலக்கவேண்டுமென விதிக்கப்பட்டது. 1975இல் அந்நாடு கரும்பிலிருந்து எதனோல் பெறும் பெருந்திட்டமொன்றைத் தொடங்கியது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டில் இதன்பொருட்டுச் சட்டமொன்று இயற்றப்பட்டது. பின்னர் 2003இல் நூற்றுக்கு 5 பங்கு கலக்கும் முயற்சி சில மாநிலங்களில் தொடங்கிற்று. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நாடளாவிய சராசரிக் கலப்பு நூற்றுக்குப் 10 பங்கை எட்டியது. 2023 பெப்ரவரியில் 20 பங்கு கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவியது. பிரித்தானியாவில் 2021 செப்டெம்பரிலிருந்து நூற்றுக்குப் 10 பங்கு கலந்த பெற்றோலே பொதுவகையாயிற்று. பழைய வாகனங்களின் பொருட்டு 5 பங்கு கலந்த மற்றொரு வகையும் வைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 15 பங்கு கலந்த பெற்றோலை மோட்டார் சைக்கிள்களிலும் சிறிய என்ஜின்களிலும் இடுதல் தடுக்கப்பட்டுள்ளது.

இலங்கையிற் கமக்காரர் கையாளும் மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பாலன இந்தியாவிற் செய்யப்பட்டவை. அவற்றுட் பழையவை இக்கலவைக்கென அமைக்கப்பட்டவையல்ல. தாம் வாங்கும் பெற்றோலில் எதனோல் உண்டோ இல்லையோ என்பதை ஒவ்வொருவரும் தாமே அறியும் எளிய சோதனையொன்று பின்னர்க் கூறப்படும்.

டீசலில் ஓடும் உழவு இயந்திரங்களுக்கும் இரு சில்லு உழவு இயந்திரங்களுக்கும் இப்பிரசுரத்திற் கூறப்படுவன பொருந்தா.

எதனோலின் நான்கு இயல்புகள்

பழைய என்ஜினில் நேரும் மாற்றங்கள் யாவும் எதனோலின் நான்கு இயல்புகளால் விளைபவை.

முதலாவது, அதன் வெப்பம் குறைவு. ஒரு லீற்றர் எதனோல் எரிந்து தரும் வெப்பம், ஒரு லீற்றர் பெற்றோல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கேயாகும். ஆகவே 10 பங்கு கலந்த பெற்றோலில் வெப்பம் நூற்றுக்கு 3 பங்கு வரையிலும், 20 பங்கு கலந்ததில் 7 பங்கு வரையிலும் குறைகின்றது. முன்னர் 30 லீற்றரில் இறைத்த நீரை, 20 பங்கு கலந்த பெற்றோலால் இறைப்பதற்கு ஏறக்குறைய 32 லீற்றர் தேவைப்படலாம். இந்தியாவின் நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையும், எதனோல் இல்லாத பெற்றோலுக்கும் 10 பங்கு கலந்ததற்கும் அமைந்த மோட்டார் சைக்கிள்களில் 20 பங்கு கலந்ததை இட்டால், ஒரு லீற்றரில் ஓடும் தூரம் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு வரை குறையுமெனக் கணித்துள்ளது.

இரண்டாவது, அது எரிவதற்கு வேண்டிய காற்றும் குறைவு. ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எதனோலுக்கு 9 கிலோ போதும். புதிய வாகனங்களிற் கலவையைத் தானே அளந்து திருத்தும் கருவி உண்டு. பழைய என்ஜினின் காபுரேற்றரில் உள்ள நுண்துளையோ ஒரே அளவினது. அதனூடாக எதனோல் கலந்த பெற்றோல் செல்லும்போது காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவை உண்டாகும். அக்கலவையில் ஓடும் என்ஜின் வலுக் குறைந்து கூடுதலாகச் சூடேறும்.

மூன்றாவது, அது கரைக்கும் தன்மை மிக்கது. பெற்றோலில் நெடுநாள் ஊறியும் கெடாத பழைய றப்பர்க் குழாய், தக்கை, சிலவகைப் பிளாத்திக்கு, தாங்கியின் உட்பூச்சு ஆகியன எதனோலால் ஊதும், இளகும், அல்லது வெடிக்கும். நாகம், அலுமினியம், பித்தளை, ஈயப் பற்றாசு ஆகியவற்றை நீர் சேர்ந்த எதனோல் அரிக்கும். தாங்கியின் அடியிற் பல்லாண்டாகப் படிந்திருந்த பிசினையும் துருவையும் அது பெயர்த்துக் கொண்டுவந்து, வடிகட்டியையும் காபுரேற்றரின் நுண்துளையையும் அடைத்துவிடும்.

நான்காவது, அது நீரை விரும்புவது. கேடுகளுட் பெரியது இதனாலேயே விளைகின்றது.

நீரினால் விளையும் கேடு

பெற்றோலும் நீரும் ஒன்றோடொன்று கலவா. எதனோல் இல்லாத பெற்றோலில் நீர் புகுந்தால் அது துளிகளாக அடியிலே தங்கும். சிறிதளவாயின் அதனை வடித்துவிடலாம். மேலுள்ள பெற்றோல் பழுதாவதில்லை.

எதனோலோ நீருடன் எவ்வளவிலும் கலக்கும். எதனோல் கலந்த பெற்றோலில் நீர் சிறிது சேரும்போது முதலில் யாதொரு வேறுபாடும் தோன்றாது. நீர் கரைந்து மறைந்துவிடும். ஆயின் அதற்கு ஓர் எல்லையுண்டு. 10 பங்கு எதனோல் கலந்த பெற்றோல், 15 பாகை வெப்பநிலையில், தன் கனவளவில் நூற்றுக்கு அரைப் பங்கு நீரையே தாங்கும். அஃதாவது, ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி நீரே எல்லை. அதற்கு மேற்பட்டால் எதனோல் பெற்றோலை விட்டு நீருடன் சேர்ந்து பிரிந்து, பாரமான ஒரு படையாக அடியிலே தங்கிவிடும். கலந்துள்ள எதனோல் கூடுமாயின் தாங்கும் நீரும் கூடும். எனினும் பிரியும் காலத்தில் அடியில் தங்கும் படையும் பெரிதாகும்.

குளிரில் அவ்வெல்லை மேலும் குறையும். பகல் வெயிலில் தெளிவாயிருந்த பெற்றோல் இரவுக் குளிரிற் கலங்கிப் பிரிதல் கூடும். நுவரெலியா, வெலிமடை முதலிய மலைப்பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோர் இதனைச் சிறப்பாக நோக்குதல் வேண்டும்.

தாங்கியிலிருந்து எரிபொருள் வெளியேறும் வழி அடியிலேயே உள்ளது. எனவே பிரிந்த படையே முதலிற் காபுரேற்றருக்குச் செல்லும். அதனைக்கொண்டு என்ஜின் தொடங்காது. தொடங்கினும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். அப்படை மிதவைக் கிண்ணத்தில் வாரக்கணக்கில் தங்குமாயின், உலோகத்தை அரித்து வெண்பொடியையும் பச்சைப் படிவையும் உண்டாக்கி நுண்துளைகளை அடைக்கும். மேலே எஞ்சிய பெற்றோலும் எதனோலை இழந்தமையால் ஒக்டேன் குறைந்து, என்ஜினில் தட்டும் ஓசையை உண்டாக்கக்கூடியதாகும்.

இந்நீர் எவ்வழியாகச் சேர்கின்றது? மழையில் நனைந்த மூடியின் இடுக்கு வழியாகவும், ஈரமான புனல் வழியாகவும், நீர் கொள்ளப் பயன்பட்ட கலத்திற் பெற்றோலை வாங்குவதாலும் பெரும்பாலும் சேர்கின்றது. அரைகுறையாக நிரம்பிய தாங்கியினுள் இரவில் ஈரக்காற்று குளிர்ந்து துளியாவதாலும் சிறிது சேரும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நீரிறைக்கும் என்ஜின்களுக்கு வேலையில்லை. அவை கொட்டிலின் மூலையில், பாதித் தாங்கிப் பெற்றோலுடன், ஈரமான காற்றில், இரண்டு மூன்று மாதம் கிடக்கும். மழை ஓய்ந்து தோட்டத்திற்கு நீர் வேண்டப்படும் நாளில் அவை இயங்க மறுப்பதற்கு இதுவே முதற் காரணமாகும்.

பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜின்கள்

இவ்வகை நீரிறைக்கும் என்ஜின்களில் பெற்றோலுக்கெனச் சிறிய தாங்கியொன்று தனியே உண்டு. தொடங்கும்போதும் நிறுத்துவதற்குச் சற்று முன்னரும் சில நிமிடங்களுக்கே பெற்றோல் செலவாகும். ஆகவே மண்ணெண்ணெய் நாள்தோறும் புதிதாக ஊற்றப்பட, பெற்றோலோ வாரக்கணக்கில் அச்சிறு தாங்கியிலேயே கிடந்து பழசாகின்றது. மேலும், நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றுவதால், ஓய்ந்து நிற்கும்போது மிதவைக் கிண்ணத்தில் இருப்பதும் பெற்றோலே. இவ்விரு காரணங்களால், மிகக் குறைவாகப் பெற்றோல் அருந்தும் இவ்வென்ஜின்களே எதனோல் கலந்த பெற்றோலால் மிகுதியும் இடர்ப்படக்கூடியவை. சிறு தாங்கியில் ஒரு வாரத் தேவைக்கு மேற்பட ஊற்றாதிருத்தல் நன்று.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அரிதாயிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலால் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களையும் நீரிறைக்கும் என்ஜின்களையும் ஓட்டிய அனுபவம் பலருக்கு உண்டு. ஒரு பொருளுக்கென அமைந்த என்ஜினை, அடுத்த பொருளின் இயல்பறிந்து நடத்தினால் அது ஓடும் என்பதை அவ்வனுபவம் காட்டுகின்றது. எதனோலுக்கும் இது பொருந்தும்.

எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் என்ஜின்கள்

முதுகில் தாங்கும் தெளிகருவிகள், புல்வெட்டும் கருவிகள் ஆகியவற்றுட் பல, பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஓடுபவை. இவற்றில் பிஸ்டனுக்கு வழுவழுப்பைத் தருவது அவ்வெண்ணெய் ஒன்றே. அவ்வெண்ணெய் பெற்றோலில் நிற்குமேயன்றி, பிரிந்த எதனோல்நீர்ப் படையில் நில்லாது. அப்படை என்ஜினுட் சென்றால், எண்ணெயின்றி ஓடும் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மற்றைய என்ஜின்களிற் காபுரேற்றரைக் கழுவுவதோடு தீரும் பழுது, இவற்றில் என்ஜினையே இழக்கும் பழுதாகின்றது. ஆதலின் எண்ணெய் கலந்த பெற்றோலை அன்றன்றைய வேலைக்கு அளவாகவே கலந்துகொள்ளல் வேண்டும்.

எதனோல் உண்டோ எனச் சோதித்தல்

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒடுங்கிய கண்ணாடிப் போத்தலொன்றின் பக்கத்தில் காகிதப் பட்டியொன்றை ஒட்டி, அடியிலிருந்து பத்துச் சம பங்காகக் கோடிடுக. முதலாம் கோடு வரை நீரும், அதன்மேல் பத்தாம் கோடு வரை பெற்றோலும் ஊற்றுக. போத்தலை மூடி ஒரு நிமிடம் மெதுவாகக் குலுக்குக. இடையிடையே மூடியைச் சற்றுத் தளர்த்தி ஆவியை வெளியேற்றுக. பின்னர் கால் மணி நேரம் அசையாது வைத்து நோக்குக.

நீரின் மேல்மட்டம் முதலாம் கோட்டிலேயே நிற்பின் பெற்றோலில் எதனோல் இல்லை. ஏறக்குறைய இரண்டாம் கோட்டிற்கு உயர்ந்திருப்பின் நூற்றுக்குப் 10 பங்கு அளவில் எதனோல் உண்டு. மூன்றாம் கோட்டை அணுகியிருப்பின் 20 பங்கு அளவில் உண்டு. பெற்றோலிலிருந்த எதனோல் நீரோடு சேர்வதாலேயே மட்டம் உயர்கின்றது.

இச்சோதனையை வீட்டிற்கும் அடுப்பிற்கும் அப்பால், திறந்த வெளியிற் செய்தல் வேண்டும். புகைத்தல் கூடாது. சோதித்த பெற்றோலில் நீர் சேர்ந்துள்ளமையால் அதனைத் தாங்கியில் ஊற்றலாகாது.

முதன்முறை பயன்படுத்துமுன் செய்யவேண்டுவன

1. என்ஜினுடன் தரப்பட்ட கைந்நூலை நோக்குக. பல சிறிய என்ஜின்களுக்கு நூற்றுக்குப் 10 பங்கு வரையே எதனோல் இசைவானதெனக் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லையைக் கடத்தல் ஆகாது.

2. பழைய றப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் அகற்றி, எதனோலைத் தாங்கும் புதியவற்றை இடுக. ஊதிய குழாய், கைக்கு ஒட்டும் குழாய், வெடிப்புள்ள குழாய் ஆகியன கசிந்து தீ விபத்தை விளைக்கும்.

3. தாங்கியை முற்றாக வடித்துக் கழுவி உலர்த்துக. வடிகட்டியைப் புதுப்பிக்குக. முதலிரண்டு தாங்கிப் பெற்றோல் செலவானபின் வடிகட்டியை மீண்டும் பார்வையிடுக.

4. சூடேறிய பின்னரும் சோக்கை இழுத்தாலன்றி என்ஜின் சீராக ஓடாதிருத்தல், காபுரேற்றர் வழியாக வெடித்தல், பிளக்கின் வெள்ளைப் பகுதி சுண்ணாம்புபோல வெளுத்திருத்தல் ஆகியன எரிபொருள் குறைந்த கலவைக்கு அறிகுறிகள். அனுபவமுள்ள திருத்துநரைக் கொண்டு காபுரேற்றரைச் சரிசெய்வித்தல் வேண்டும்.

போகம் முடிந்து என்ஜினை ஓய்வாக வைக்கும் முறை

மூன்று வாரத்திற்கு மேல் என்ஜின் ஓடாது எனக் கண்டால் பின்வருவனவற்றைத் தவறாது செய்க. இதற்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் தாங்கியிலுள்ள பெற்றோல் முழுவதையும் உலர்ந்த கலமொன்றில் வடிக்க. அது தெளிவாயிருப்பின் நாள்தோறும் ஓடும் மோட்டார் சைக்கிளிற் சில நாட்களுள் செலவிடலாம். எண்ணெய் கலந்த பெற்றோலை அவ்வாறு இடலாகாது. பின்னர் என்ஜினைத் தொடக்கி, மிதவைக் கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து அது தானாக நிற்கும்வரை ஓடவிடுக. அப்பாலும் கிண்ணத்தின் அடியிற் சிறிது தங்கியிருக்கும். என்ஜின் நன்கு ஆறியபின் அடியிலுள்ள ஆணியைக் கழற்றி அதனையும் வடித்துவிடுக. இரும்புத் தாங்கியாயின், இரண்டு தேக்கரண்டி என்ஜின் எண்ணெயை உள்ளே இட்டு எப்புறமும் படியுமாறு அசைத்து வைத்தால் துருப் பிடியாது. பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சிலிண்டரினுள் விட்டு, தொடக்கும் கயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்து, பிளக்கை மீண்டும் பூட்டுக. என்ஜினை நிலத்தில் வைக்காது, பலகையின்மேல், மழைச்சாரல் படாத இடத்தில் வைத்து மூடுக.

அடுத்த போகத்தில் புதிய பெற்றோலையே ஊற்றித் தொடக்குக. எதனோல் கலந்த பெற்றோலை ஒரு மாதத்திற்கு மேற்பட வைத்திருத்தல் நன்றன்று. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டிற்குப் பின்னர், கிடைத்தபோது வாங்கிக் கலங்களில் நிறைத்து வைக்கும் எண்ணம் பலரிடம் ஏற்பட்டது. எதனோல் கலந்த பெற்றோலை அவ்வாறு தேக்கி வைத்தல் பணத்தையும் என்ஜினையும் ஒருங்கே இழப்பதற்கு வழியாகும், வீட்டிற்கும் ஆபத்தாகும்.

பெற்றோல் பிரிந்துவிட்டால்

ஓய்ந்திருந்த என்ஜின் தொடங்காவிடின், கயிற்றை மீண்டும் மீண்டும் இழுப்பதன்முன் தாங்கியின் அடியிலிருந்து சிறிது பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்க்க. அது கலங்கியோ இரு படையாகவோ காணப்பட்டால் பெற்றோல் பிரிந்துவிட்டது என்பது தெளிவு. தாங்கியைக் குலுக்குவதாலும், புதிய பெற்றோலை மேலே ஊற்றுவதாலும் அது சீர்ப்படாது. அனைத்தையும் வடித்து, தாங்கியையும் கிண்ணத்தையும் கழுவி உலர்த்தியபின்னரே புதிய பெற்றோலை ஊற்றல் வேண்டும்.

பழுதான பெற்றோலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ வெறுநிலத்திலோ ஊற்றுதல் பெருந்தவறு. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கல் நிலங்களில், மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியாக விரைவில் நிலத்தடி நீரை அடையும். அயலவர் அருந்தும் கிணற்றையும் அது கெடுத்துவிடும். மூடியுள்ள உலோகக் கலத்தில், பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வைத்திருந்து, என்ஜின் திருத்தும் நிலையத்தில் கழிவெண்ணெயுடன் ஒப்படைத்தல் தக்கது. பெற்றோல் தீப்பற்றினால் அதன்மேல் நீர் ஊற்றலாகாது. மணலை இட்டு அணைத்தல் வேண்டும்.

முடிவு

எதனோல் கலந்த பெற்றோலைக் கண்டு பழைய என்ஜினை எறிந்துவிடவேண்டிய தேவையில்லை. குழாய்களைப் புதுப்பித்தல், கைந்நூல் கூறும் எல்லைக்குள் நிற்றல், வேண்டிய அளவே வாங்குதல், நீர் படாது காத்தல், போகம் முடிந்ததும் தாங்கியையும் மிதவைக் கிண்ணத்தையும் வடித்தல் ஆகிய ஐந்தினையும் கைக்கொள்வோரின் என்ஜின் பல போகங்களுக்கு உழைக்கும். இவற்றுள் ஒன்றையே நினைவிற் கொள்ள இயலுமாயின், இறுதியிற் கூறியதை நினைவிற் கொள்க. மண்வெட்டியைக் கழுவி வைக்காது எவரும் போகத்தை முடிப்பதில்லை. பெற்றோலை வடியாது என்ஜினை ஓய்வாக வைத்தலும் ஆகாது.